அத்தான் உரிக்காத கவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் கவர் அத்தான். ஊரார் கம்ப்யூட்டர்களையெல்லாம் கழற்றிப் பூட்டுகிற மெக்கானிக். ஆனால் தன் வீட்டுப் பொருள் எதிலிருந்தும் பிளாஸ்டிக்கை உரிக்க அவருக்கு மனம் வராது. டிவி ரிமோட், ஃபிரிட்ஜ் கதவு, ஸ்கூட்டர் சீட் எல்லாம் கவருக்குள்தான் குடித்தனம். "புதுசாவே இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட வேண்டும், மேகமெல்லாம் அசலாகத் தெரிய வேண்டும். அதற்காகவே உயர்ரக மதர்போர்டு, ப்ராசசர், கூலர், கேபினட் என்று ஒவ்வொன்றாக வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

நான் வீட்டிலிருந்தே, கட்டப்போகிற கட்டடங்களை முப்பரிமாணப் படமாக்கித் தருகிறவள். என் பழைய மதர்போர்டு கருகிப்போய் கையிலிருந்த வேலையெல்லாம் நின்றிருந்த சமயம், ஒரு பெரிய நிறுவனம் மாதிரிப் படம் கேட்டது. சாயங்காலத்துக்குள் அனுப்பினால் நிரந்தர வேலை. அக்காவிடம் போனில் அழுதுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அத்தான் பெட்டிகளோடு வாசலில் நின்றார்.

"அத்தான், இது உங்க பிளேனுக்கு வாங்கினதாச்சே!"

"பிளேன் எங்க பறந்து போயிடப்போகுது? முதல்ல உன் கட்டடம் எழும்பட்டும். தள்ளு."

கேபினட்டுக்குள் பூட்டுவதற்கு முன், மதர்போர்டை அதன் காலி அட்டைப்பெட்டி மேலேயே வைத்துச் சோதிப்பது அவர் வழக்கம். சாப்பாட்டு மேசையில் அப்படியே பரப்பினார். ப்ராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசையைத் தடவிக் கூலரை இறுக்கினார், என் பழைய மெஷினின் கிராஃபிக்ஸ் கார்டைச் செருகினார். திரை உயிர் பெற்றது. முழு வேகத்தில் ஓடவிட்டதும் சூடு கிடுகிடுவென ஏறி, எல்லாம் பட்டென்று அணைந்துவிட்டது.

"போர்டு போச்சா அத்தான்?"

அவர் முகம் வெளிறிவிட்டது. கூலரைக் கழற்றித் திருப்பினார். அடியில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தாள். 'பொருத்தும் முன் உரிக்கவும்' என்று அதிலேயே எழுதியிருந்தது.

"கடையில இருந்தா கையே தன்னால உரிச்சிருக்கும். இது நம்ம சாமானாச்சே, அதான்…" என்று அசடு வழிந்தார்.

நடப்பதையெல்லாம் ஸ்பீக்கர் போனில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா விடவில்லை. "அந்த மனுஷன் என்னைக்கு எதை உரிச்சாரு!"

அத்தான் தாளை உரித்தார். பழைய பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவி, மறுபடி ஓடவிட்டார். சூடு ஏறி, ஓரிடத்தில் நின்றது. நின்றேவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படம் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது, வேலையும் கிடைத்தது. இன்று என் வீட்டில் எரிகிற அடுப்பு அந்த மனிதர் தன் ஆசையைத் தூக்கிக் கொடுத்ததால் எரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மேசை அவருடையது. வந்து விமானம் ஓட்டிவிட்டுப் போகிறார்.

அன்று எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, அதன் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைத் தொட்டு, "இந்தக் கவரை மட்டும் விட்டுடும்மா" என்றார். அது இப்போது குமிழ்விட்டு, ஓரம் சுருண்டு கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதில் நகத்தை வைத்தால், கையைத் தட்டிவிடுகிறேன்.