கழற்றாத உறையோடு மாமல்லபுரம்

காலை பத்தரை மணி. செங்கல்பட்டில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, நானும் தங்கை செல்வியும் மாமல்லபுரம் பேருந்தில் ஏறினோம். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். நாளை மறுநாள் அவள் மகளுக்கு வளைகாப்பு. தனக்கும் அங்கேதான் வளையல் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் நீர் வடியும் வழி அடைபட்டு, ஆறு வருடமாக அவளுடைய இடது கை தலையணைபோல் வீங்கிக் கிடந்தது. மகளின் கல்யாணப் படம் எதிலும் அந்தக் கை கிடையாது, முந்தானைக்குள் இருக்கும். தேங்கிய நீர் நாளடைவில் கொழுப்பாகிவிட்டதால், கட்டுப்போட்டும் வடியவில்லை. நாலு மாதத்துக்கு முன் குழாய் விட்டு அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். இப்போது இரண்டு கையும் ஒரே அளவு. ஆனால் விரலடியிலிருந்து தோள்வரை இறுக்கிப் பிடிக்கும் உறையை ஆயுள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். "கொழுப்பைத்தான் எடுத்தோம். நீர் போற வழி இன்னும் அடைபட்டுத்தான் இருக்கு. குளிக்கிற நேரம் தவிர கழட்டாதீங்க, மறுபடி வீங்கிடும்" என்று மருத்துவர் காலையில்கூடச் சொன்னார்.

பதினொன்றே முக்காலுக்கு மாமல்லபுரம். சிற்பங்களைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான், செல்வி விட்டால்தானே. நேரே கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வளையல்காரம்மா அவள் வலது கையை அமுக்கிப் பார்த்து, "ரெண்டு நாலு" என்று வளையல் அளவு சொன்னார். இடது கையைப் பார்த்ததும், "அந்தத் துணியக் கழட்டும்மா, அப்பதான் ஏறும்" என்றார். செல்வி உறையைச் சுருட்டத் தொடங்கினாள்.

எனக்கு வந்ததே கோபம். "உனக்கு இன்னா பைத்தியமா? டாக்டரு இப்பதான சொன்னாரு."

"வளைகாப்பு அன்னிக்கு மட்டும்க்கா. சபைல ஒரு கைய மொட்டையா வச்சிகினு நான் எப்டி எம் பொண்ணுக்கு வளையல் போடறது?"

செல்வி பாதி திறந்த கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு உறையைத் தானே மேலே இழுத்துவிட்டாள்.

"பெரிய அளவு, ரெண்டு எட்டுல குடுங்கம்மா. இதும் மேலயே போட்டுக்கறேன். கண்ணாடி வேணாம், உடைஞ்சா கீறிடும்."

சங்கு வளையல், ஜோடி நூற்றிருபது ரூபாய். ஜோடியைப் பிரித்துத் தரமாட்டார்கள் என்பதால், இரண்டு அளவிலும் ஒரு ஜோடி வாங்கினோம். உறைமேல் வளையல் தளர்வாக உட்கார்ந்தது.

திரும்பும் பேருந்தில் நிற்கத்தான் இடம். செல்வி இடது கையைத் தூக்கி மேல்கம்பியைப் பிடித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், "கைக்கு இன்னாம்மா?" என்று கேட்டார்.

"புத்துநோய் வந்து கை வீங்கிப் போச்சு. ஆப்ரேசன் பண்ணிகீது. இனிமே இந்த உறையோடதான்."

ஆறு வருடமாக இதே கேள்விக்குக் கீழே விழுந்துவிட்டதாகச் சொல்லிவந்தவள் அவள்.