பட்டுக் கவுண்டரில் அரித்த கால்

எனக்கு அரிப்பு என்றாலே ஆகாது. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடுவேன். பிள்ளை பெற்றபோதுகூட ஆஸ்பத்திரியில் பெரிதாகக் கத்தியதில்லை. ஆனால் ஒரு கொசு கடித்தால் போதும், வீட்டையே இரண்டாக்கிவிடுவேன். அப்படிப்பட்டவள், கால் நரம்பில் ஊசி போட்ட டாக்டர் போகிற போக்கில் "ரெண்டொரு நாள் லேசா அரிக்கும், சொறியாதீங்க" என்று சொன்னபோதே உஷாராகியிருக்க வேண்டும். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவை விற்றுக்கொண்டிருந்தேன். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டினாலும் நிற்க வேண்டும். விற்கிறவள் உட்கார்ந்தால் கடைக்கு மரியாதை இல்லையாம். ஸ்டூல் என்ற ஒன்றை எங்கள் பக்கம் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். இப்படியே வருஷக்கணக்கில் நின்றதில் என் இடது காலில், முட்டிக்குக் கீழே, நரம்பு நீலமும் பச்சையுமாகச் சுருண்டு புடைத்துக்கொண்டது. நரம்பு சுருட்டு என்பார்கள். படுத்தால் கால் கனக்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்.

என் வீட்டுக்காரர், வேலை பார்த்த துணி மில் மூடியபிறகு, ஓர் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனாக இருந்தார். அவர்தான் அங்கே விசாரித்துக்கொண்டு வந்தார். "கத்தி கித்தி எதுவும் வேணாமாம். நரம்புல ஊசி போட்டா அதுவே சுருங்கி மறைஞ்சிடுமாம். வா, காட்டிட்டு வந்துடலாம்."

கடையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கால் வலிக்கிறது என்று வாய் திறந்தவர்களை மேல்மாடிக்கு, துண்டும் பெட்ஷீட்டும் விற்கிற மூலைக்கு, அனுப்பிவிடுவார்கள். நான் அந்த மூலையில்தான் ஆரம்பித்தேன். அங்கிருந்து உள்பாவாடை, காட்டன், சிந்தெடிக் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, அந்த வருஷம்தான் முகூர்த்தப் பட்டு கவுண்டருக்கு வந்து சேர்ந்திருந்தேன். கல்யாணப் பெண்ணின் தோளில் புடவையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தும்போது அவள் முகம் ஒரு மாதிரி மாறும் பாருங்கள், அதைப் பார்க்கிற வேலை. யார் தலைகீழாக நின்றாலும் அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்று இருந்தேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த வாரம், என் லீவு நாளில் போய் ஊசி போட்டுக்கொண்டேன். நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்ததும் வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"அங்க இன்னா பாக்கறீங்க?"

"மழ வருமான்னு பாக்கறேன்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஊசி ஒன்றும் பெரிதாக வலிக்கவில்லை. அப்புறம் தொடைவரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற ஒரு காலுறையை மாட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் அதை மாட்டிவிடுவதற்குள் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. "இத நெய்ஞ்சவன் எந்த மில்லுல வேல பாத்தானோ, கைகாரன்டி!" என்றார். டாக்டர் சொன்ன இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். "ஒரே எடத்துல நிக்கக் கூடாதாம், நடந்துக்கினே இருக்கணுமாம்." எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆவணி பிறந்திருந்தது. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்து ஊரில் கல்யாணம் வைக்கிற குடும்பம் ஒன்று அன்று என் கவுண்டருக்கு வந்தது. பெண், பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி என்று ஒரு பட்டாளம். நான் அரக்கு நிறப் பட்டை விரித்து ஜரிகையைப் பற்றி எடுத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தது. முதலில் ஓர் ஊறல். பிறகு ஊசி போட்ட வழியெல்லாம் எறும்பு வரிசை கட்டிப் போகிற மாதிரி. வலது குதிகாலால் இடது காலைத் தேய்த்தேன். உறைக்கு மேலே தேய்த்தால் உள்ளே எப்படித் தெரியும்? இன்னும் ஏறியது. மனசுக்குள் டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, வெளியே "உங்க நெறத்துக்கு இது எடுப்பா இருக்கும்மா" என்று சிரித்தேன். பக்கத்துப் பிளவுஸ் கவுண்டரிலிருந்து மீட்டர் கம்பியை எடுத்துக் கவுண்டருக்கு அடியில் விட்டு, காலை நெம்பிச் சொறிந்து பார்த்தேன். ஆகா, என்ன சுகம்! பெண்ணின் அம்மா என் கை போன இடத்தை எட்டிப் பார்த்தார். நான் புடவையை அளக்கிற பாவனையில் கம்பியை மேலே எடுத்தேன். முகூர்த்தப் பட்டை யார் அளந்து விற்கிறார்கள்?

அவர்கள் போனதும் மேல்மாடிக்கு ஓடினேன். பெண்கள் சாப்பிடுகிற அறையில் யாரும் இல்லை. உறையைக் கணுக்கால்வரை உருட்டி இறக்கிவிட்டு, டாக்டராவது ஒன்றாவது என்று பறட்டு பறட்டென்று சொறிந்தேன். ஊசி குத்திய இடமெல்லாம் சிவந்து தடித்துத் தடிப்புத் தடிப்பாக நின்றது. அந்த நேரம் பார்த்துத் துண்டு மூலையில் வேலை செய்கிற பெண் டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தாள். என் காலைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யக்கா! அம்மா வந்திருக்காங்களா?"

"அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல, போடி" என்றேன். அம்மை வந்தவளை எதிர்த்துப் பேசக் கூடாதென்று நினைத்தாளோ என்னவோ, பயபக்தியோடு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனாள்.

நான் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே வருவதற்குள் கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. என் கவுண்டர்மேல், பட்டுக்கு நடுவில், ஒரு கொத்து வேப்பிலை. பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்து மரத்தில் பறித்திருக்கிறார்கள். மேனேஜர் கை கட்டிக்கொண்டு நின்றார். என்றைக்கும் "ஏம்மா, ஏ" என்று கூப்பிடுகிறவர், அன்று பேசுவதே வேறு மாதிரி இருந்தது.

"வீட்டுக்குப் போங்கம்மா. மூணு தண்ணி ஊத்திட்டு நிதானமா வாங்க. கல்யாணப் பட்டு விக்கிற எடம். பார்ட்டிங்களுக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் படியேற மாட்டாங்க."

"சார், இது அம்மை இல்ல சார்."

"நான் சொன்னனா? ஆத்தா பேர நான் எடுக்கவே இல்லயே!" என்று இரண்டடி பின்னால் போனார். "அதுவரைக்கும் காட்டன்ல இருக்கற பொண்ணு இங்க நிக்கட்டும்."

மூன்று தண்ணீர் ஊற்றி நான் வருவதற்குள் ஆவணி முகூர்த்தமெல்லாம் முடிந்துவிடும். அந்தப் பெண்ணும் நன்றாக விற்பாள், கெட்டிக்காரி. அப்புறம் எனக்கு எங்கே பட்டு? ஊசி என்று சொன்னாலோ, கால் சீக்காளி என்று துண்டு மூலை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்தக் கடையில் நின்று நின்றே இப்படி ஆன காலை இந்தக் கடையிடமே ஒளிக்க வேண்டியிருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் மேல வாங்கடி!" என்று கத்திவிட்டுப் படியேறினேன். கை வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். மேனேஜரும் பின்னாலேயே வந்து, பெண்கள் அறை என்பதால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் புடவையை முட்டிக்கு மேலே தூக்கிக் காலுறையை மொத்தமாக உருவி எறிந்தேன்.

"நல்லா பாருங்க. அம்மையா இது? நரம்பு சுருட்டு. ஊசி போட்டிருக்கேன். ஊசி போட்ட எடம் அரிக்குது. அவ்ளோதான்!"

பிளவுஸ் கவுண்டர் அக்கா, எங்களில் மூத்தவர், கிட்டே வந்து குனிந்தார். தடிப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் லேசாக மங்கத் தொடங்கியிருந்த நீல நரம்பை விரலால் மெதுவாகத் தொட்டார்.

"மறையுது, இல்ல?" என்றார்.

"மறையுதுக்கா."

அவர் நிமிர்ந்து தன் புடவையைக் கொஞ்சம் தூக்கினார். இரண்டு காலிலும் என்னைவிட மோசமாக, கணுக்கால் கறுத்துப் போய் இருந்தது. இவ்வளவு நாள் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாது. பிறகு சிந்தெடிக் பெண் தூக்கினாள். என் இடத்துக்கு வர இருந்த காட்டன் பெண்ணும் தூக்கினாள். கல்யாணமே ஆகாதவள், அவளுக்கும் முட்டிக்குப் பின்னால் பச்சை ஓடியிருந்தது. சுவரோரம் வரிசையாக, எல்லாரும் புடவையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வெளியிலிருந்து மேனேஜர் கதவைத் தட்டினார். "இன்னாம்மா, அம்மையா இல்லயா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

"அம்மை இல்ல சார்" என்றார் அக்கா. "நின்ன காலு. எங்க எல்லாருக்கும்தான் இருக்குது."

"அப்பாடா" என்றது மேனேஜர் குரல். "பயந்தே போயிட்டேன். சரி, சீக்கிரம் கீழ வாங்க, கல்யாணப் பார்ட்டி வந்து நிக்குது. பட்டுக்கு நீங்களே போங்கம்மா."

நான் காலுறையை மாட்டிக்கொண்டேன். இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் காட்டன் பெண்ணும் பிடித்து இழுத்துவிட்டார்கள். எல்லாரும் புடவையைத் தழைய விட்டுக்கொண்டு, நிற்பதற்காகக் கீழே இறங்கினோம்.