விரத வீட்டுப் பிரிஜ்ஜில் இறால் போத்தல்

முதல் தடவை வளர்த்த இறால் குஞ்சுகள் ஒன்பதாம் நாள் செத்தன. இரண்டாம் தடவை வளர்த்தவை அதுவரைகூடப் பொறுக்கவில்லை. ஊரில் போரால் பாதியில் விட்ட மீன்வளப் படிப்பை, முப்பத்தெட்டு வயதில், விமான நிலையத்தில் ஷிப்ட் செய்துகொண்டே லண்டனில் முடிக்கப் பார்த்த காலம் அது. மூன்றாவதும் செத்தால் பட்டத்தை மறந்துவிடலாம் என்று பேராசிரியர் மிக மரியாதையாகச் சொன்னார். வெள்ளைக்காரர் அவ்வளவு மரியாதை காட்டினால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

குஞ்சுகளைக் கொல்வது தண்ணீரில் இருக்கும் கெட்ட கிருமி. மருந்து போடாமல், நல்ல கிருமியைக் கொடுத்துக் கெட்டதன் இடத்தைப் பிடிக்க வைப்பதுதான் என் ஆய்வு. மூன்றாம் தடவைக் குஞ்சுகளுக்கு நான் தினமும் கொடுத்துவந்த அந்த நல்ல கிருமி பாலில் வளர்ந்து ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. ஆய்வுகூடத்துப் பிரிஜ் பழுதாகிவிட, அதை ஹவுன்ஸ்லோவில் நான் தங்கியிருந்த அண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு போத்தலில் கொஞ்சம் எடுத்து வைக்கவில்லை, மடையன். யாரும் குடித்துவிடக் கூடாதே என்று 'இறாலுக்கு' எனக் கொட்டை எழுத்தில் எழுதியும் ஒட்டினேன். அதைவிடப் பெரிய மடையன்.

அடுத்த நாள் கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாள் விரதம் என்றால் எங்கள் அண்ணிக்கு வீட்டில் மச்சத்தின் மணம்கூட இருக்கக் கூடாது. மீன், இறைச்சி, கருவாடு எல்லாம் வெளியே போய், பிரிஜ் மஞ்சள் தண்ணீரால் கழுவப்படும். நான் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தேன். பிரிஜ் பளபளத்தது. போத்தலைக் காணவில்லை.

"அண்ணி, என்ரை போத்தல் எங்கை?"

"இறாலுக்கு எண்டு நீர்தானே எழுதியிருந்தீர்? இறாலுக்கு எண்டா மச்சம்தானே. மீனோட சேர்த்து முன்வீட்டு அன்ரியிட்டைக் குடுத்திட்டன்."

"ஐயோ அண்ணி, அது மச்சமில்லை! மோர் மாதிரி. உயிருள்ள கிருமி!"

"கிருமியோ? விரத வீட்டுக்கை கிருமியையோ கொண்டந்து வைச்சனீர்?"

முன்வீட்டு அன்ரி வேதக்காரர், கிறிஸ்தவர். விரதமில்லை. வருடா வருடம் எங்கள் மீனெல்லாம் அவர் வீட்டுக்குத்தான் போகும். சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். அன்ரி சிரித்தபடி போத்தலை நீட்டினார். அது வெறும் போத்தல்.

"சுடுதண்ணி விட்டு வடிவாக் கழுவி வைச்சிருக்கிறன், தம்பி."

"அதுக்குள்ள இருந்தது?"

"புளிச்ச பால் மணம் வந்துது. எறிய மனம் வரேல்லை. பாலுக்குள்ள உறை விட்டுப் பொயிலருக்குப் பக்கத்திலை வைச்சன். பாரும், என்ன மாதிரி உறைஞ்சிருக்குது!"

சட்டியில் கத்தி வைத்து வெட்டலாம் போலத் தயிர். ஒரு மூலையில் கரண்டி போன குழி. அங்கிள் ஏற்கெனவே சோற்றோடு சாப்பிட்டாராம். நான் அந்தச் சட்டியைக் கட்டிப்பிடிக்காத குறை.

பேராசிரியரிடம் மறைக்கவில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, தயிரிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்து, பழையதுதானா என்று சோதித்துக் காட்டச் சொன்னார். பழையதேதான். மறுபடி தொட்டியில் விட்டேன். ஆனால் அதற்குள் குஞ்சுகள் மூன்று நாள் நல்ல கிருமி இல்லாமல் கிடந்தன. தொட்டியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் அண்ணியோடு நான் பேசவில்லை. அவரும் பாலும் பழமுமாக, என்னைப் பார்க்காமல் நடமாடினார்.

அண்ணி விரதம் முடித்துப் பாறணை செய்த நாள் குஞ்சுகளுக்குப் பத்தாவது நாள். விடியவே போய் எண்ணினேன். நம்பாமல் திரும்ப எண்ணினேன். பெரும்பாலானவை துள்ளிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்தபோது அண்ணி அடுப்படியில் நின்றார்.

"குஞ்சுகள் தப்பிட்டுது, அண்ணி," என்றேன்.

அகப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கண்ணைத் துடைத்தார்.

"நான் ஆறு நாளும் உம்மடை இறாலுகளுக்காகத்தான் விரதம் பிடிச்சனான். இந்த வருசம் ஊரிலை இருந்து ரெலிபோன் அடிச்சாலே செத்த வீட்டுச் செய்திதான். எதையாவது ஒண்டை உயிரோட விடு முருகா எண்டு கேட்டனான்."

அவர் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து நானும் அழுதேன். அந்த நேரம் பார்த்து அண்ணை கையில் ஒரு பையோடு உள்ளே வந்தார். ஆறு நாள் மரக்கறியில் காய்ந்து போன மனிதர்.

"விரதம் முடிஞ்சுதுதானே? நல்ல இறால் வாங்கியந்தனான்!"

அண்ணி எழுந்து, பையை வாங்கி, நேரே முன்வீட்டு அன்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.