பேச ஒரு லைசென்ஸ், கேட்க ஒரு லைசென்ஸ்

என் கணவருடைய சித்தப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் சமையற்கட்டில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். துப்பாக்கியைவிட உருளைக்கிழங்கைத்தான் அவர் அதிகம் தொட்டிருப்பார். ஆனாலும் அவருடைய நடையிலும் சட்டைப் பொத்தானிலும் ராணுவம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மகனைப் பார்க்கப் பிரான்சில் மர்செய்க்குப் போனவர், திரும்பி வரும்போது செண்டும் சாக்லெட்டும் கொண்டுவரவில்லை. இரண்டு வயர்லெஸ் பெட்டிகளைக் கொண்டுவந்தார். சுங்கத்தில் அவராகவே காட்டி ரசீதும் வாங்கியிருந்தார்.

பெட்டி ஒவ்வொன்றும் டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவு இருந்தது. சுருள் ஒயரில் ஒரு மைக் தொங்கியது. இதற்கு சிட்டிசன்ஸ் பேண்ட் என்று பெயராம். அந்த ஊரில் லாரி ஓட்டுகிறவர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் இதில்தான் பேசிக்கொள்கிறார்களாம். பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். ‘ஓவர்’ என்று சொல்லிப் பொத்தானை விட்டால்தான் எதிராளி பேச முடியும். ஒரு பெட்டி டவுனில் அவர் வீட்டில் இருக்கும், இன்னொன்று உழவர்கரையில் எங்கள் வீட்டில் இருக்கும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். என்ன பேசுவது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் லைசென்ஸ் வராமல் சுவிட்சைத் தொடக் கூடாது என்றார். நான் அப்போது ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மனு அடிக்க என்னைவிட்டால் ஆளில்லை என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனார். ரேடியோ வைத்திருக்கிறவர்கள் அந்தக் காலத்தில் தபால் ஆபீசில்தான் லைசென்ஸ் வாங்குவார்கள்.

கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை பேண்டு, பாட்டு எடுக்குமா, இலங்கை வருமா என்று கேட்டார். பாட்டே வராது, இதில் நாம்தான் பேச வேண்டும் என்று மாமா விளக்கினார்.

“யாரோட பேசப் போறீங்க?”

மாமா என்னைக் காட்டினார்.

“அவங்கதான் பக்கத்துலயே நிக்கறாங்களே” என்றார் அவர்.

அரை மணி நேரம் கழித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கேட்பதற்கான லைசென்ஸ்தான் தன்னிடம் இருக்கிறது, பேசுவதற்கான லைசென்ஸ் டெல்லியில்தான் கிடைக்கும் என்றார். மாமாவுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. தன் பேரில் கேட்கிற லைசென்ஸ் புத்தகம் ஒன்றை வாங்கி, முத்திரை காயும்வரை ஊதிக்கொண்டே வெளியே வந்தார்.

டெல்லிக்கு நான் மனு அடித்தேன். நாலு மாதம் கழித்து ஒரு படிவம் வந்தது. ஏரியலின் உயரம் எவ்வளவு, பக்கத்தில் விமான நிலையம் உண்டா, எந்தெந்த அலைவரிசை என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். நாலாவது பக்கத்தில் எந்த நாட்டுக் குடிமகன் என்று இருந்தது. மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவரிடம் இருந்தது பிரெஞ்சு பாஸ்போர்ட். பிறந்தது முத்தியால்பேட்டை, வளர்ந்தது முத்தியால்பேட்டை, காலையில் இட்லி தவிர வேறெதுவும் இறங்காது. ஆனால் கடிதாசுப்படி அவர் அந்நியர். ஆகவே மனுதாரர் நான் என்று ஆயிற்று.

அடுத்து விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். வயர்லெஸ்ஸில் யாரோடு பேசப்போகிறேன் என்று கேட்டார். சின்ன மாமனாரோடு என்றேன். அவர் நோட்டை மூடிவிட்டுத் தணிந்த குரலில், “குடும்பத்துல எதுனா தகராறாம்மா? நேர்ல பேச்சுவார்த்த இல்லியா?” என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

லைசென்ஸுக்காகக் காத்திருந்த ஒரு வருஷமும் மாமா சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். அணைத்து வைத்த ஒரு பெட்டியுடன் நான் கூடத்தில் உட்காருவேன், இன்னொன்றுடன் அவர் தோட்டத்தில் உட்காருவார். சுவர் வழியாகக் கத்திக் கத்தி, ஒருவர் ‘ஓவர்’ சொன்ன பிறகே மற்றவர் வாயைத் திறப்போம். என் மாமியார் இடையில் வந்து சாப்பிடக் கூப்பிட்டால், அலைவரிசையில் குறுக்கீடு என்று மாமா கோபித்துக்கொள்வார்.

கடைசியில் லைசென்ஸ் வந்தது. என் பேரில், ஒரு பெட்டிக்கு. கூடவே விதிகளும் வந்தன. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நமக்குக் கொடுத்த அடையாள எழுத்துகளைச் சொல்ல வேண்டும். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் பாடக் கூடாது, மூன்றாம் மனிதருடைய செய்தியை அனுப்பக் கூடாது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். பிறகு நிலைமையை விளக்கினார். எனக்குப் பேசுகிற உரிமை இருக்கிறது. அவருக்குத் தபால் ஆபீஸ் கொடுத்த கேட்கிற உரிமை இருக்கிறது. ஆகையால் நான் பேசலாம், அவர் கேட்கலாம். பதில் மட்டும் சொல்ல முடியாது.

“அப்ப உங்களுக்குக் கேட்டுச்சா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும் மாமா?”

“லெட்டர் போடறேன்” என்றார்.

போட்டார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பின்னறையில் உட்கார்ந்து, அடையாள எழுத்துகளைச் சொல்லி, கால் மணி நேரம் பேசுவேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ தபால் கார்டு வரும். ‘செவ்வாய்க்கிழமைப் பேச்சு கிடைத்தது. குரல் தெளிவு. கத்தரிக்காயில் புழு இருந்ததாக நீ சொன்னதற்கு வருந்துகிறேன். ஓவர்.’ தபால்காரர் கார்டுகளைப் படித்துவிட்டுத்தான் தருவார். ஒருநாள் புழு போய்விட்டதா என்று என்னிடமே கேட்டார்.

பதில் வராத பேச்சு ஒரு விதத்தில் வசதியானது என்பது எனக்கு மெல்லப் புரிந்தது. முதல் மாதம் வெயிலையும் மழையையும் பற்றிச் சொன்னேன். இரண்டாவது மாதம் ஆபீஸ் விஷயம் வந்தது. மூன்றாவது மாதம் மாமியாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எதிரே ஆள் இல்லை, முகச்சுளிப்பு இல்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நடுவில் குறுக்கிடாத ஒருவர் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

அது ஆடி மாதம். தெருமுனை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சவுண்டு சர்வீஸ்காரர் எங்கள் வீட்டுக்கு எதிர்த்த வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார். மாமியார் பாத்திரத்தோடு கூழுக்குப் போயிருந்தார். பாட்டுச் சத்தம் தாங்காமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் மைக்கை எடுத்தேன். பேசத் தொடங்கியதும் பாட்டு நின்றது. சாத்திய ஜன்னலுக்கு வெளியே ஏதோ குரல் மங்கலாகக் கேட்டது. பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்பு சொல்கிறார்கள் போலிருக்கிறது, நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டியதை நிதானமாகச் சொன்னேன். ஊர்க் கடையில் வாங்கினால் ஒரு வஞ்சிரம் வாங்குகிற காசில் தேங்காய்த்திட்டுப் படகுத்துறையில் ரெண்டு வாங்கலாம் என்று மாமியார் என்னை அனுப்புவதையும், வாங்கி வந்தால் நடுத்துண்டெல்லாம் மகனுக்குப் போவதையும், எனக்கு வருவது வால் மட்டும் என்பதையும், பக்கத்து வீட்டம்மா இட்லிப் பானையை ஓட்டையாக்கித் திருப்பிக் கொடுத்ததையும், அதை மாமியார் என் தலையில் கட்டியதையும் விவரமாகச் சொன்னேன்.

நான் பேசியதெல்லாம் வேப்பமரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் வயர்லெஸ் பேசினால் ஆம்ப்ளிஃபயர் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று பின்னால் ஒரு ரேடியோ மெக்கானிக் சொன்னார். அப்போது தெருவுக்கு அது தெரியாது. சவுண்டு சர்வீஸ்காரர் பாட்டை அணைத்துவிட்டுக் குரல் எங்கிருந்து வருகிறது என்று ஒயரை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்திருக்கிறார். கூழ் வரிசை நகராமல் நின்றுவிட்டது. இட்லிப் பானைக்காரம்மா வரிசையில் நாலாவது ஆள். மாமியார் ஆறாவது ஆள்.

டவுனில் மாமாவுக்கு என் ஒவ்வொரு வார்த்தையும் என் வாயிலிருந்து ஒன்று, மரத்திலிருந்து ஒன்று என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறது. பின்னால் பம்பைச் சத்தம் வேறு. என்ன நடக்கிறது என்று அவர் உடனே புரிந்துகொண்டார். மைக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தி ‘நிறுத்து’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரிடம் பேசுகிற லைசென்ஸ் இல்லை. ஆகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று மைல் மிதித்து வந்தார்.

பின்ஜன்னலை யாரோ தட்டினார்கள். திறந்தால் மாமா. மூச்சு வாங்கியது, வேட்டி முழுக்கச் சேறு. நான் அப்போதுதான் பேச்சை முடித்து, கடைசி அடையாள எழுத்துகளைச் சொல்லியிருந்தேன். “ஊரே கேக்குதும்மா” என்றார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஓவர்” என்று சேர்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் கூழ்ப் பாத்திரத்தோடு வந்தார். அவர் பாத்திரத்தை இறக்கி வைத்து, எனக்கும் மாமாவுக்கும் கூழ் ஊற்றி, முருங்கைக்கீரைப் பொரியலையும் வைத்தார். உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

“நீ பேசி நான் முழுசாக் கேட்டது இன்னிக்குத்தான்” என்றார். “வால்தான் உனக்குப் புடிக்கும்னு நெனச்சிருந்தேன். நீ வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்?”

இட்லிப் பானைக்காரம்மா மறுநாள் புதுப் பானை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தெருவில் இரண்டு மூன்று பேர், மிச்சத்தை எப்போது சொல்வீர்கள் என்று கேட்டார்கள்.

இனி எதிர்முனையும் பேசியாக வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். மாமாவின் மனைவி சின்னத்தை விழுப்புரம் பக்கத்துக்காரர், இந்தியக் குடிமகள். அவர் பேரில் நான் இன்னொரு மனு அடித்தேன். இன்னொரு வருஷம் போனது. அதே போலீஸ்காரர் வந்தார், குடும்பத் தகராறு இன்னும் தீரவில்லையா என்று வருத்தப்பட்டார். லைசென்ஸ் வந்தது.

சின்னத்தை அதிகம் பேசாதவர். மாமாவின் திட்டம் என்னவென்றால், தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சின்னத்தை மைக்கில் அப்படியே சொல்ல வேண்டும். முதல் நாள் அப்படித்தான் நடந்தது. ‘வானிலை நன்று என்று சொல்’ என்று அவர் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. இரண்டாம் நாள் சின்னத்தை விதிகளை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தார்.

“மூணாவது மனுசன் சேதிய நான் சொல்லக் கூடாதாம்” என்றார் மைக்கில், அழுத்தமாக. “அந்த மூணாவது மனுசன் இவருதான். ஓவர்.”

மாமாவால் அதை மறுக்க முடியவில்லை. விதியில் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்குச் சின்னத்தையும் நானும் பேசினோம். பேசாதவர் என்று நாங்கள் நினைத்திருந்த சின்னத்தையிடம் முப்பது வருஷப் பேச்சு சேர்ந்து கிடந்தது. மாமா தினமும் பேட்டரியைச் சார்ஜ் செய்து வைப்பார், மாடியேறி ஏரியலில் படிந்த கடற்காற்று உப்பைத் துடைப்பார், பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். எப்போதாவது எனக்கு ஒரு கார்டு வரும். ‘நேற்று உன் சின்னத்தை மர்செய் குளிரைப் பற்றிச் சொன்னது சரியில்லை. குளிர் அவ்வளவு இல்லை.’

மூன்று மழைக்காலம் இது நடந்தது. நாலாவது மழைக்காலத்துப் புயலில் அவர்கள் வீட்டு ஏரியல் இரண்டாக மடங்கி அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டில் விழுந்தது. அந்த நேரத்தில் சின்னத்தை தன் நாத்தனாரின் கல்யாணத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று நின்ற மூன்றாம் நாள் அவர் டவுன் பஸ் பிடித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். செருப்பைக் கூடக் கழற்றாமல், “அதுக்கு மாப்பிள்ள ஊட்டுக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா?” என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.