வாராவாரம் பார்த்த படம்

வீட்டில் அவளுக்குப் பெயரே பிரெஞ்சுக்காரி என்றாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் கலை வரலாறும் பிரெஞ்சும் சேர்த்துப் படிக்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அம்மா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். "படம் பாக்குறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று பெரியப்பா இழுத்தால், "சனிக்கிழமையானா எம் பொண்ணு மியூசியத்துலயேதான் கெடக்குறா, சும்மாவா?" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள்.

பெண் கிடந்தது மியூசியத்தில் இல்லை. சனிக்கிழமைகளில் தோழிகளோடு ஊர் சுற்றினாள். இரண்டு துறைகள் இருந்தது இன்னும் வசதி. பிரெஞ்சு வகுப்பில் கட்டுரை கேட்டால் ஓவியப் படிப்பின் மேல் பழி போடுவாள். அங்கே கேட்டால் பிரெஞ்சுப் பரீட்சை என்பாள். கெட்டிக்காரிதான், வேறென்ன சொல்ல.

கடைசி வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரே ஒருவரைப் பிரெஞ்சு பேசும் நாட்டில் ஓராண்டு படிக்க அனுப்பும். மியூசியத்தில் தனக்குப் பிடித்த ஓவியத்தின் முன் நின்று அதைப் பற்றிப் பிரெஞ்சில் பேச வேண்டும். அவளுக்கு அந்த இடம் வேண்டும், ரொம்பவே வேண்டும். கலை வரலாற்றுத் துறையின் பழைய ஸ்லைடு பெட்டியிலிருந்து, அந்த மியூசியத்தில் இருக்கும் ஓர் ஓவியத்தின் ஸ்லைடை எடுத்தாள். ஜன்னலோரம் ஒரு பெண் பழம் உரிக்கிறாள். எதிரே காலி நாற்காலி. புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தே பேச்சை எழுதி, ஓர் எழுத்து பிசகாமல் நெட்டுருப் போட்டாள். மியூசியத்துக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம்கூட ஆகாது. போகவில்லை.

தேர்வன்று அம்மாவும் லீவு போட்டுவிட்டு மியூசியத்துக்கு வந்து, படம் மாட்டியிருந்த அறையின் காவலாளி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"வாரம் தவறாமல் இந்தப் படத்தின் முன் வந்து நிற்பேன்" என்று பிரெஞ்சில் ஆரம்பித்து, தேர்வாளர்களைப் பார்த்தபடி மளமளவென்று ஒப்பித்தாள். இடப்பக்கம் ஜன்னல், அதன் வெளிச்சத்தில் பெண், வலப்பக்கம் நாற்காலி. கையால் காட்டத் திரும்பியபோதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தாள். ஜன்னல் வலப்பக்கம் இருந்தது. நாற்காலி இடப்பக்கம். புரொஜெக்டரில் ஸ்லைடை முன்பின்னாகத் திருப்பிச் செருகிப் பார்த்திருக்கிறாள்.

பிரெஞ்சுப் பேராசிரியை அந்த மொழியிலேயே நிதானமாகக் கேட்டார். "வழக்கமாக எந்த இடத்தில் நின்று பார்ப்பாய்?"

பதில் சொல்ல அவளிடம் சொந்தமாக ஒரு வாக்கியம் இல்லை. நெட்டுருப் போட்டிருந்த அடுத்த பத்தியை ஒப்பித்தாள். கலை வரலாற்றுப் பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு, "போதும்மா, நன்றி" என்றார். அவ்வளவுதான், இடம் போயிற்று. கூனிக்குறுகி நின்றாள்.

பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடப் புரியாத அம்மாவுக்கு முகமெல்லாம் பல். காவலாளியிடம், "எம் பொண்ணுங்க. வாராவாரம் இங்கதான் வருவா. நீங்க பாத்திருப்பீங்களே?" என்றாள்.

அவர் பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாத்திருக்கேம்மா. இந்தப் படத்துக்கிட்டயேதான் நிப்பாங்க."

பேராசிரியர்கள் முன் நின்றதைவிட இது அவளுக்குக் கூசியது. முன்பின் தெரியாத மனிதர் தனக்காகப் பொய் சொல்கிறார்.

"இல்லம்மா," என்றாள். "நான் இன்னைக்குத்தான் இங்க முதல் தடவையா வர்றேன்."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. காவலாளியைத்தான் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களையும் பொய் சொல்ல வச்சிட்டோம்," என்றாள் அம்மா அவரிடம். "மன்னிச்சுக்கங்க."