கோச்சிக்குளத்துத் துருசு

எங்கள் வாய்க்காலின் பெருமையில் பாதி எனக்குச் சேரவேண்டியது. இதைச் சொன்னால் மாமா இப்போதும் சிரிப்பார். சிரிக்கட்டும். தோண்டியது அவர்கள், கண்டுபிடித்தது நான். அதுவும் முழுப் பிழையான ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டு சரியான இடத்தைக் கண்டுபிடித்தேன். அந்தக் கெட்டித்தனம் எத்தனை பேருக்கு வரும்?

எனக்கு அப்போது எட்டு வயது. முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. தகரக் கொட்டிலில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று மூன்று பேர். அப்பா சண்டையின் கடைசியில் காணாமல் போயிருந்தார். ஊரின் குளத்துக்கும் எங்கள் வயலுக்கும் நடுவே ஒரு நீண்ட மண்கட்டு கிடந்தது. குளத்துத் தண்ணீர் அந்தக் கட்டுக்குக் கீழால் ஒரு மதகு வழியாக வந்தால்தான் எங்கள் பக்கத்து வயல்களுக்கு விதைப்பு. வாய்க்காலோ ஆண்டுக்கணக்காகத் தூர்ந்து, நாயுண்ணிப் பற்றை மூடி, கட்டடிக்கு வந்ததும் எங்கே போகிறதென்று தெரியாமல் மறைந்திருந்தது. மதகு இருந்த இடம் தெரிந்த ஒருவரும் ஊரில் இல்லை.

நெளுக்குளத்தில் இருந்த பெரியம்மா தொலைபேசியில் அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். இந்தச் சிறுபோக விதைப்புக்கும் தண்ணீர் வராவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன்னிடம் வந்துவிடவேண்டும் என்பது அவருடைய கதை. அம்மாவும் கடைசியில் ஓம் என்று சொல்லிவிட்டார். பெரியம்மா விடியப்புறமே எழுப்பி வாய்ப்பாடு கேட்கிற ஆள்.

கண்ணிவெடி எடுத்து முடிந்து எச்சரிக்கைப் பலகைகளைக் கழற்றிய பிறகு ஊரே சேர்ந்து சிரமதானத்தில் இறங்கியது. தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையார்தான் தலைமை. வாய்க்கால் எந்த நேரில் வருகிறதோ அதே நேரில் கட்டைத் தோண்டினால் மதகின் வாய் அகப்படும் என்று அவர் அடித்துச் சொன்னார். மூன்று நாள் தோண்டினார்கள். மண்ணுக்குக் கீழே மண்தான் இருந்தது. கட்டை ஊடறுத்து வெட்டவும் முடியாது, அது அரசாங்கத்தின் கட்டு. வெள்ளிக்கிழமை குளம் திறப்பது. அதற்குள் வாய் அகப்படாவிட்டால் கட்டுக்கு அந்தப் பக்கத்து வயல்களுக்கு மட்டும்தான் தண்ணீர் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

பெரியவர்கள் அதைக் கோச்சிக்கட்டு என்றார்கள். எனக்குத் தெரிந்த கட்டெல்லாம் குளக்கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் அதன் குளத்தின் பெயர். ஆகவே கோச்சி என்று ஒரு குளம் இருந்திருக்கவேண்டும். மேலே சல்லிக்கல் கொட்டிக் கிடந்தது. அது அலை அடித்துக் கட்டுக் கரையாமல் இருக்கப் போட்டது. குளத்தைக் காணவில்லைத்தான். சண்டையில் என்னதான் காணாமல் போகவில்லை? ஆனால் குளக்கட்டு என்றால் துருசு இருக்கும், துருசு என்றால் கொஞ்சமாவது கசியும், கசிகிற இடத்தில் கோரை பச்சையாக நிற்கும். தண்ணீரைத் திறந்துவிடும் துருசைப் பற்றி வன்னிப் பிள்ளைக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

தேத்தண்ணி கொண்டுபோன இடத்தில் கேட்டேவிட்டேன். "துருசைத் தேடிப் பாத்தனீங்களோ?"

"இந்தக் கட்டில துருசோ?" விதானையார் வயிறு குலுங்கச் சிரித்தார். "பிள்ளை, தேத்தண்ணியைக் குடுத்திட்டு வீட்டை போ பாப்பம்."

எனக்கு வந்த ரோசத்துக்கு அளவில்லை. வாளியை வைத்துவிட்டுக் கட்டடியோரமாகவே நடந்தேன். எல்லாப் புல்லும் காய்ந்து சருகாகிக் கிடந்த அந்த வெயிலில், அவர்கள் தோண்டிய இடத்துக்கு வெகு தூரத்தில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கோரை பச்சைப்பசேலென்று நின்றது.

"இஞ்ச கிடக்கு! இஞ்ச வாங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆண்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் தங்கள் கிடங்கையே தோண்டினார்கள். அம்மா மட்டும் மண்வெட்டியோடு வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டத் தொடங்கினார். முழங்கால் ஆழம் போயிருக்கும், மண்வெட்டி ணங்கென்றது. கையால் மண்ணைத் தள்ளினோம். செதுக்கிய கருங்கல், வளைந்து போனது.

"தம்பி, ஓடி வாடா! வாய் அகப்பட்டிட்டுது!"

அம்மா அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகென்ன, ஊரே ஓடிவந்தது. வாய்க்கால் கட்டடிக்கு வந்து திரும்பி, அதன் ஓரமாகவே ஓடி, அங்கேதான் நுழைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் கடைசிக் கூடை சேற்றையும் வெளியே எடுத்தார்கள். மத்தியானம் அந்த வளைவுக்குள்ளிருந்து முதலில் சருகும் நுரையும் வந்தன, பிறகு ஒரு தவளை, பிறகு தண்ணீர். ஐயோ, அந்தத் தண்ணீர்! எங்கள் வரம்புக்கு வந்து மோதியபோது வெடி கொளுத்தினார்கள். விதானையார் என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, "இவள்தான் எங்கட இஞ்சினியர்!" என்று கூத்தாடினார்.

அந்த உயரத்திலிருந்து நான் கேட்டேன். "அப்ப கோச்சிக்குளம் எங்கை?"

எல்லோரும் வரம்பில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எடியே, கோச்சியெண்டா றெயில்!" என்றார் மாமா. ரயிலை நான் கண்டதில்லை. தண்டவாளம் எங்கே என்று கேட்டேன். சண்டைக் காலத்தில் பங்கருக்கு மேலே அடுக்கியிருந்த இரும்பெல்லாம் அதுதானாம். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே, அதற்குக் கீழேதானே படுத்து எழும்பியிருக்கிறேன். பிழை பிழைதான், தண்ணீர் வந்துவிட்டதே! நான் அசையவில்லை.

பின்னேரம் பெரியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மா சேற்றுக் காலோடு வாசலில் நின்று, பக்கத்து வளவுக்கும் கேட்கிற குரலில் கதைத்தார்.

"இல்லையக்கா, நாங்கள் வரேல்லை. இஞ்ச தண்ணி வந்திட்டுது. இனி ஒரு இடமும் போகத் தேவையில்லை. அவர் வந்தாலும் இஞ்சதானே தேடி வருவார்?"

அவர் என்றால் விதானையார் என்று நினைத்தேன். வேறு யார் வரப்போகிறார்கள்? இருந்த ஒரே கதிரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, படலையைப் பார்க்க வைத்தேன். சொல்லிவைத்ததுபோல் பொழுதுபட முன்னமே விதானையார் வந்தார், அதிலேயே இருந்து தேத்தண்ணி குடித்தார். நான் பெருமையோடு அம்மாவின் காதில் சொன்னேன்.

"பாத்தியளோ அம்மா, நீங்கள் சொன்னமாதிரியே வந்திட்டார்."