முழுக்கட்டணம்

முற்பகல் பத்தரை மணி. நான் முதலில் கண்டது செருப்புகளைத்தான். பரமற்றா நகருக்கு அப்பால், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் பழைய பண்ணைவீடு ஒன்றின் கற்படிகளுக்குக் கீழே அவை கிடந்தன. ரப்பர் செருப்புகள், ஒட்டுப்பட்டி வைத்த நடைச் சப்பாத்துகள், தங்க நிற வார் போட்ட கலியாணவீட்டுச் செருப்பு ஒரு சோடி. வான் வண்டியை நிறுத்த இடம் தேடிவிட்டு நான் வருவதற்குள் எங்கள் பகுதி மூத்தோர் சங்கம் முழுவதும் வெறுங்காலுடன் உள்ளே போய்விட்டிருந்தது. வாசல் மேசையில் நுழைவுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார முதியவர் செருப்புகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கழற்றத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தாராம், யாரும் கேட்கவில்லையாம். சங்கத்தின் செயலாளர் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "வீடெண்டால் வீடுதானே தம்பி. செத்துப்போன ஆக்களெண்டாலும் அவையின்ரை வீடு," என்றார்.

ஒரு சோடி மட்டும் மற்றவற்றோடு சேராமல், சுவரோரமாக, நுனி வெளியே பார்க்க வைக்கப்பட்டிருந்தது. அது என் மாமியுடையது. மாமி என்றால் மனைவியின் தாய். எங்கே போனாலும் செருப்பை அப்படித்தான் திருப்பி வைப்பார். எழுந்தால் காலை நுழைத்துக்கொண்டு நேரே கிளம்பலாம் என்பார். மாமி காலமாகி இரண்டு வருடமாகிறது. அந்தப் பண்ணைவீட்டை நினைத்தால் எனக்கு வீடு ஞாபகத்துக்கு வருவதில்லை, வாசல்தான் வருகிறது.

கொழும்பில் நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு நீதிமன்றச் செய்தி எழுதியவன். இங்கே இரவில் ஒரு பண்டகசாலையில் வேலை. நித்திரை போக மிஞ்சும் பகலில், மாதத்தில் ஒரு புதன்கிழமை, நாங்கள் குடியிருந்த டூங்கபியிலிருந்து சங்கத்தின் வானை ஓட்டினேன். புதன்கிழமை என்பது செயலாளரின் ஏற்பாடு. எந்தப் பழைய வீட்டில் எந்தக் கிழமை முதியோருக்குக் கட்டணம் குறைவு, எந்த அரும்பொருட்காட்சியகத்தில் சீட்டோடு தேநீரும் தருவார்கள், எந்தத் தோட்டத்தில் ரோசா பூக்கும் மாதத்தில் பாதி விலை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சலுகை இல்லாத இடத்தை அவர் பார்க்கத் தகுந்த இடமாகவே கருதியதில்லை.

அந்த வருடங்களில் பார்த்த வீடுகள் எல்லாம் என் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. எல்லாவற்றிலும் நீண்ட சாப்பாட்டு மேசை ஒன்று இருக்கும், அதன் மேல் மெழுகில் செய்த பழங்கள். வேலைக்காரரைக் கூப்பிடும் மணிகள் சுவரில் வரிசையாகத் தொங்கும். உட்காரக் கூடாது என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு கதிரையிலும் ஒரு காய்ந்த பைன்காய் வைத்திருப்பார்கள். முழங்கால் நோக்காட்டுக்காரர்கள் அத்தனை கதிரைகளுக்கு நடுவே நின்றபடி, இரு நூற்றாண்டுக்கு முந்திய ஆடு வளர்ப்பைப் பற்றிய விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்பார்கள். குசினிக்கு வந்ததும்தான் எல்லோருக்கும் உயிர் வரும். "அம்மியுமில்லை, ஆட்டுக்கல்லுமில்லை, உதுக்குள்ளை என்னத்தைச் சமைச்சவை?" என்று யாராவது தொடங்குவார். "அவிச்சவை. எல்லாத்தையும் அவிச்சவை," என்று இன்னொருவர் முடிப்பார்.

மாமியும் இதையெல்லாம் ரசித்தார். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அவர் மட்டும் முழுக்கட்டணம் கட்டினார். மகளோடு நிரந்தரமாக இருக்க விண்ணப்பித்துவிட்டு, முடிவு வரும்வரை இருக்கலாம் என்கிற இடைக்கால விசாவில் இருந்தார். வரிசை நீளம் என்று சொல்லியிருந்தார்கள், எவ்வளவு நீளம் என்று சொல்லவில்லை. முதியோர் அட்டை நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களுக்குத்தான். மாமிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, தலை முழுவதும் நரை. சீட்டுக் கொடுப்பவர்கள் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, அட்டையைக் கேட்காமலே குறைந்த கட்டணத்தைத் தட்டப் போவார்கள். மாமி என் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பார். "தம்பி, இல்லையெண்டு சொல்லுங்கோ." நான் சொல்வேன். பரவாயில்லை என்பார்கள். "பறவாயில்லையெண்டு அவை சொல்லுவினம். பிறகு கேக்கிறது வேறை ஆக்கள்," என்பார் மாமி.

இந்தப் பயம் அவருக்கு வில்லாவுட்டில் பிடித்தது. அவருடைய இளைய மகன் படகில் வந்து அங்கே குடிவரவுத் தடுப்புமுகாமில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியைக் கூட்டிக்கொண்டு போவோம். முதல் விசாரணையில் ஊரைவிட்டு மாசியில் வெளிக்கிட்டதாகச் சொன்னான், இரண்டாவது விசாரணையில் பங்குனி என்றான். நடுவில் காட்டுக்குள் கிடந்தவனுக்கு மாதம் எந்த நாளில் மாறியது என்று தெரியாது. முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் ஏன் ஒத்துவரவில்லை என்று விளக்கி முடிப்பதில் அவனுடைய இளமையில் ஒரு பெரிய துண்டு போய்விட்டது. இப்போது மெல்பேர்ணில், பொயிண்ட் குக்கில் இருந்துகொண்டு லொறி ஓட்டுகிறான், இன்னமும் தற்காலிக விசாவில். மாமி அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். இந்த நாட்டில் ஒருமுறை வாயால் சொன்னது எங்கேயோ ஓரிடத்தில் இருக்கும், தேவைப்படுகிற நாளில் வெளியே வரும். அரும்பொருட்காட்சியகத்து வாசலில் சொன்னதும் அதற்குள் அடக்கம்.

வழக்கமாக மாமி எனக்காகக் காத்து நின்று, தனியாகச் சீட்டு எடுத்துத்தான் உள்ளே போவார். அன்று அந்தப் பண்ணைவீட்டில், நான் வானை நிறுத்தப் போன இடைவெளியில், செயலாளர் எல்லோருக்கும் சேர்த்துச் சலுகைச் சீட்டு எடுத்துவிட்டார். மாமிக்கு அது குசினியில் வைத்துத்தான் தெரியவந்தது. செப்புப் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கலியாணவீட்டுச் செருப்புப் போட்டு வந்த அன்ரி, "இண்டைக்கு நீங்களும் எங்களோடை அரை ரிக்கற்," என்று சிரித்தார்.

மாமி திரும்பினார். "ஆர் சொன்னது நான் கொன்செஷன் எண்டு?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா," என்றார் செயலாளர். "அந்தாள் தலையளை எண்ணினார், தந்தார்."

"சும்மா எண்ணியிருக்கமாட்டார். நீங்கள் எல்லாரும் சீனியர்ஸ் எண்டு சொல்லியிருப்பியள்."

"சரி, சொன்னனான். ஏன், நீங்கள் குமரியே?"

குசினி முழுவதும் சிரித்தது. அன்ரி தன் பங்குக்கு, "அந்தக் கிழவன் இப்ப இமிக்கிரேஷனுக்குப் போன் எடுத்துச் சொல்லப்போறானாக்கும்," என்றார்.

"உங்களுக்குச் சிரிப்பு," என்றார் மாமி. "உங்கடை பாஸ்போட்டிலை கங்காரு நிக்குது. என்ரையிலை இன்னும் சிங்கம்தான்."

மாமி வந்த வழியே வாசலுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். மேசையடியில் இருந்த முதியவர் முன்னால் வெறுங்காலுடன் நின்று, தனக்கிருந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, "ஐ ஆம் நொட் கொன்செஷன். ஐ ஆம் வெயிற்றிங்," என்றார்.

முதியவர் அவரை அன்போடு பார்த்தார். இந்த வயதில் நாமெல்லோருமே காத்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தார். அவர் என்ன சொன்னார் என்று மாமி கேட்டார். சொன்னேன்.

"அவருக்குச் சொல்லுங்கோ, நான் அதுக்கு இல்லையெண்டு."

அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. விசா விடயத்தை மட்டும் சுருக்கமாகச் சொன்னேன். முதியவர் பெரிதாக ஒன்றும் புரிந்தவர்போலத் தெரியவில்லை. ஒரு தலை கூடினால் என்ன, குறைந்தால் என்ன, பாருங்கள், தோட்டத்தைப் பாருங்கள் என்றார். மாமி அசையவில்லை. பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கினார்கள். கடைசியில் முதியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூட்டுச் சீட்டை இரத்துச் செய்து, புதிதாக இரண்டு சீட்டுகள் அடித்தார். ஒன்று சங்கத்துக்கு, மற்றது மாமிக்கு. மாமி தன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, அதில் முழுக்கட்டணம் என்று இருக்கிறதா என்று என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து குசினியைப் பார்க்கத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது, டூங்கபிச் சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கையில் செயலாளர் சொன்னார். "இனி உங்களுக்கு நான் ரிக்கற் எடுக்கமாட்டன் அக்கா."

"எடுக்காதேங்கோ," என்றார் மாமி.

ஆனாலும் அடுத்த மாதம் அவருக்காக வானின் முன் இருக்கையை விட்டுவைத்தது செயலாளர்தான். அந்தமுறை நகருக்குள்ளே, கப்பலில் கொண்டுவரப்பட்ட குற்றவாளிகளை முன்பு தங்கவைத்திருந்த கட்டடத்துக்குப் போனோம். மேல் மாடியில் ஒரு நீண்ட அறை முழுவதும் சாக்குத்துணித் தொங்கு படுக்கைகள், ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. மற்றவர்கள் அவற்றில் எப்படிப் புரண்டு படுத்திருப்பார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மாமி வழிகாட்டிப் பெண்ணிடம் ஒன்று கேட்கச் சொன்னார். எவ்வளவு காலம் என்று அவர்களுக்கு முதலே சொல்லியிருந்தார்களா? ஆம் என்றார் அந்தப் பெண். ஏழு வருடம், பதினான்கு வருடம், சிலருக்கு ஆயுள் முழுவதும். தீர்ப்பிலேயே சொல்லித்தான் கப்பலில் ஏற்றினார்கள்.

"அப்ப பறவாயில்லை," என்று சொல்லிவிட்டு மாமி அடுத்த அறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. மாமி வீடுகளைப் பார்த்தார், தோட்டங்களைப் பார்த்தார், பழைய நீராவி இயந்திரங்களையும் கவர்னர் மனைவிமாரின் தொப்பிகளையும் பார்த்தார். விசா முகவர் இரண்டு தடவை புதிய மருத்துவப் பரிசோதனை கேட்டார், இரண்டு தடவையும் செய்தோம். சங்கத்தில் ஆட்கள் குறைந்தார்கள். கலியாணவீட்டுச் செருப்பு அன்ரி மகனோடு குயின்ஸ்லாந்துக்குப் போனார். செயலாளர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார், அங்கே போய்ப் பார்த்தபோதும் எந்த வீட்டில் இப்போது எந்தக் கிழமை சலுகை என்று கேட்டார். வானைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மாமி ஒருநாள் குளியலறையில் விழுந்தார். எலும்பு பொருந்தியது, ஆனால் இடது கால் பழையபடி அவர் சொல் கேட்கவில்லை. சில்லு வைத்த நடைச்சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நடப்பார். படி என்றால் ஒரு படியும் ஏற இயலாது.

நிரந்தர வதிவிட அனுமதி ஒரு மழைநாள் பின்னேரம் வந்தது. முகவர் தொலைபேசியில் சொன்னதும் மனைவி குசினித் தரையில் இருந்து அழுதாள். நான் அறைக்குள் போய் மாமியிடம் சொன்னேன். கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"ஒரு பிழையும் பிடிக்கேல்லையோ?"

"இல்லை மாமி."

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"ஓம்."

அந்த முதியோர் அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அவரே கேட்டார். அது தபாலில் வந்தபோது இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, பெயர் சரியாக இருக்கிறதா என்று பேத்தியைக் கொண்டு எழுத்தெழுத்தாக வாசிப்பித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார். சில நாட்கள் கழித்து, "புதன்கிழமையளிலை இப்ப ஒருத்தரும் ஒரிடமும் போறேல்லையோ?" என்று கேட்டார். போக ஆளில்லை. ஆகவே நான் மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். துறைமுகத்தைப் பார்த்தபடி, பெரிய அத்திமரங்கள் நிற்கும் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு மாளிகை. நாங்கள் அதுவரை போகாதது. விளம்பரத் தாளில் படத்தைப் பார்த்து அவரே தெரிவுசெய்தார்.

வழியெல்லாம் காருக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வன் கொன்செஷன் பிளீஸ். வன் கொன்செஷன், வன் அடல்ற். நான் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். பக்கவாட்டிலிருந்த சரிவுப் பாதையால் அவரைக் கூட்டிச் சென்றேன். உள்ளே ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் கல்லூரிப் படிப்பை முடித்த வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னால் மாடிப்படி வளைந்து மேலே போனது. மாமி நடைச்சட்டத்தின் தடையைப் போட்டார். கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து, பெயர் அவள் பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்.

அந்தப் பெண் நடைச்சட்டத்தைப் பார்த்தாள். மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மன்னிக்கவேண்டும், இது பழைய கட்டடம், மின்தூக்கி இல்லை என்றாள். கீழ்த்தளத்தையும் தோட்டத்தையும் மட்டும் பார்ப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது, அட்டையும் தேவையில்லை என்றாள்.